முற்று எது, எச்சம் எது: வயதுவந்த சீன மாணவர்களுக்கு ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கும் முறை

வயதுவந்த சீன மாணவர் ஒருவரிடம் ஆங்கிலப் பத்தி ஒன்றைக் கொடுத்து, தெரியாத சொற்களுக்கு அடிக்கோடிடச் சொன்னால், பெரும்பாலும் நான்கைந்து கோடுகளுக்கு மேல் விழுவதில்லை. அதே பத்தி என்ன சொல்கிறது என்று கேட்டால், தெரிந்த சொற்களை வைத்துக்கொண்டு அவரே ஒரு கதையைக் கட்டிச் சொல்வார். அந்தக் கதை கேட்கப் பொருத்தமாக இருக்கும், ஆனால் பத்தியில் உள்ளதற்கு நேர்மாறாகவும் இருக்கும். இதைச் சொல்வளக் குறைவு என்று எடுத்துக்கொண்டு மேலும் மேலும் சொற்பட்டியல் கொடுப்பதுதான் இணையவழியில் இவர்களுக்குக் கற்பிக்க வரும் ஆசிரியர்கள் பலர் முதலில் செய்யும் தவறு. நானும் முதல் ஓராண்டு அதையே செய்தேன். குறை சொல்லில் இல்லை. வாக்கியத்தின் முதுகெலும்பு எது என்று பிடிப்பதில் இருக்கிறது. தமிழ் இலக்கணத்தில் முற்று, எச்சம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வேறுபாட்டை ஆங்கில வாக்கியத்தில் கண்டுகொள்ள அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

முதல் வகுப்பில் செய்ய வேண்டியவை

எதிரே இருப்பவர் எந்த வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவர் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். தொடக்கப்பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் என்பதைச் சீனக் கல்வி அமைச்சகம் 2001-இல் கொண்டுவந்தது. ஆகவே இருபதுகளில் இருப்பவர் எட்டொன்பது வயதிலேயே தொடங்கியிருப்பார், நாற்பதுகளின் நடுவில் இருப்பவர் பெரும்பாலும் நடுநிலைப் பள்ளியில்தான் தொடங்கியிருப்பார். பல்கலைக்கழகம் சென்றவர் என்றால் 1987-இல் தொடங்கிய கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையை எழுதியிருக்க வாய்ப்பு மிகுதி. இவர்கள் அனைவருக்கும் தெரிந்த இரண்டு சொற்கள் உண்டு: ஜிங்து, ஃபான்து. ஒரு சிறு பாடத்தைச் சொல் சொல்லாக, இலக்கணம் இலக்கணமாகப் பிரித்துப் படிப்பது ஜிங்து. நிறையப் பக்கங்களைப் பொருளுக்காக ஓட்டமாகப் படிப்பது ஃபான்து. இரண்டும் பாடத்திட்டத்தில் இருந்தாலும், என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஜிங்து மட்டுமே செய்து வளர்ந்தவர்கள். அதை ஏளனம் செய்யக்கூடாது. அவர்களிடம் இருக்கும் உழைப்புப் பழக்கம் அது. நாம் அதன் திசையைத்தான் மாற்ற வேண்டும்.

பிறகு 200 சொற்கள் அளவுள்ள, அவர் முன்பு பார்த்திராத ஒரு பகுதியைக் கொடுங்கள். தெரியாத சொற்களை எண்ணுங்கள். நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்திருந்தால்தான் அகராதியின் துணையின்றி ஒரு பகுதியைச் சரிவரப் புரிந்துகொள்ள முடியும் என்பது வாசிப்பு ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. ஆகவே 200 சொற்களில் நான்குக்கு மேல் தெரியாதவை இருந்தால், அது பயிற்சிக்குரிய பகுதியே அன்று, எளியதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் முதன்மை வினையை வட்டமிடச் சொல்லுங்கள். இந்த இரண்டாவது சோதனையில்தான் நோய் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. படித்தது புரிந்ததா என்பதை ஆங்கிலத்தில் பேசவைத்துச் சோதிக்காதீர்கள். படிக்க வரும், வாய் திறக்க வராது என்னும் நிலையை அவர்களே 'யாபா யிங்யு', அதாவது ஊமை ஆங்கிலம் என்று சொல்லிக் கொள்வார்கள். பேச்சில் தடுமாறுவதைப் பார்த்து வாசிப்பில் குறை என்று முடிவுகட்டினால் மருந்து தவறிப்போகும். சுட்டிக்காட்டச் சொல்லலாம், படம் வரையச் சொல்லலாம், சீனத்திலேயே இரண்டு வரி எழுதச் சொல்லி மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்க்கலாம். 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'தோங் ல' என்று உடனே விடை வரும். புரிந்தது என்பது அதன் அகராதிப் பொருள், லாவ்ஷியை, அதாவது ஆசிரியரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்பது பல நேரங்களில் அதன் உண்மைப் பொருள்.

நீள் வாக்கியத்தை அவிழ்த்தல்

சீனாவில் முதுகலை நுழைவுத் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் 'சாங்நான்ஜு' என்று சொல்லிப் பாருங்கள், பெருமூச்சு வரும். நீளமும் கடினமும் உள்ள வாக்கியம் என்பது அதன் நேர்ப்பொருள். அதற்கென்றே தனிப் பயிற்சி வகுப்புகள், தனிப் புத்தகங்கள் உண்டு. அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் பார்த்துவிடலாம்:

தி ரிப்போர்ட் தட் தி கமிட்டி பப்ளிஷ்ட் லாஸ்ட் இயர் ஹேஸ் பீன் வித்ட்ரான்.

இதன் முற்பகுதியைத் தமிழில் சொன்னால் 'குழு சென்ற ஆண்டு வெளியிட்ட அறிக்கை' என்று வரும். சீனத்தில் 'வெய்யுவான்ஹுய் ச்யுநியன் ஃபாபு த பாவ்காவ்' என்று வரும். வெய்யுவான்ஹுய் குழு, ச்யுநியன் சென்ற ஆண்டு, ஃபாபு வெளியிடு, பாவ்காவ் அறிக்கை. வரிசையைக் கவனியுங்கள், தமிழும் சீனமும் சொல்லுக்குச் சொல் ஒன்றாகப் போகின்றன. நடுவில் நிற்கும் 'த' என்னும் ஓரசை, 'வெளியிட்ட' என்பதன் இறுதியில் நம் பெயரெச்ச விகுதி செய்யும் வேலையைச் செய்கிறது. இரு மொழிகளிலும் அடைமொழி எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால் வந்து முடிந்துவிடுகிறது. பெயர் வந்ததும் வினைக்குப் போய்விடலாம். ஆங்கிலத்திலோ பெயர் முதலில் வந்து நிற்க, அதற்குரிய அடை பின்னால் வாலாக நீள்கிறது, வால் முடிந்த பிறகே முற்று வருகிறது. எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற அடிப்படை வரிசை சீனத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஒன்றே என்பதால், எளிய வாக்கியங்களில் அவர்களுக்கு இடறல் இல்லை. அந்த நம்பிக்கையோடு நீள் வாக்கியத்துக்குள் வந்து, முதலில் கண்ணில் படும் வினையையே முற்று என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீன வினைச்சொல் காலத்துக்கோ எச்சத்துக்கோ உருமாறுவதில்லை. ஃபாபு எங்கே நின்றாலும் ஃபாபுதான். ஆகவே வினையின் உருவத்தைப் பார்த்து அதன் பணியை அறியும் பழக்கமே அவர்களுக்கு ஏற்பட வழியில்லை.

தொழிற்சாலைப் பொறியாளர் ஒருவர் தம் இயந்திரக் கையேட்டை வகுப்புக்குக் கொண்டுவந்தார். 'தி வால்வ் கனெக்டட் டு தி பம்ப் மஸ்ட் பி க்ளோஸ்ட்' என்று அதில் ஒரு வரி. வால்வைப் பம்புடன் இணைத்து, அதன்பின் மூட வேண்டும் என்று அவர் படித்திருந்தார். பம்புடன் ஏற்கெனவே இணைந்துள்ள வால்வை மூட வேண்டும் என்பதே பொருள். அவருக்குத் தெரியாத சொல் அந்த வரியில் ஒன்றுகூட இல்லை.

அவிழ்க்கும் முறை இதுதான். முதலில் வினை வடிவம் என்று தோன்றும் அனைத்தையும் பென்சிலால் வட்டமிட வேண்டும். அடுத்து தட், விச், ஹூ, வென், பிகாஸ், இஃப், ஆல்தோ, அண்டு போன்ற இணைப்புகளில், வினையோடு கூடிய ஒரு கூற்றை இன்னொரு கூற்றோடு சேர்ப்பவற்றை மட்டும் கட்டமிட வேண்டும். இணைப்புகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அந்த வாக்கியத்திலுள்ள காலம் காட்டும் வினைகளின் எண்ணிக்கை. மேலே உள்ள அறிக்கை வாக்கியத்தில் இணைப்பு ஒன்று, வினை இரண்டு, கணக்குச் சரி. வால்வு வாக்கியத்தில் இணைப்பே இல்லை, ஆனால் வட்டம் இரண்டு. ஆகவே ஒன்று எச்சமாக இருக்க வேண்டும், அல்லது இணைப்பு ஒன்று சொல்லப்படாமல் மறைந்திருக்க வேண்டும். கணக்கு உதைக்கும் இடத்தில் மாணவர் நிற்கக் கற்றுக்கொள்வதே பாதி வெற்றி. எண்களோடு பழகிய பொறியாளர்களும் கணக்காளர்களும் இதை மிக விரும்பிச் செய்கிறார்கள்.

எது எச்சம் என்று தெரியாதபோது, ஐயத்துக்குரிய சொல்லை எடுத்துவிட்டு, இறந்தகால உருவும் எச்ச உருவும் வேறுபடும் ஒரு வினையை அங்கே வைத்துப் பார்க்கச் சொல்வேன். 'தி மெத்தட்ஸ் யூஸ்ட் இன் தி ஸ்டடி வேர் க்ரிட்டிசைஸ்ட்' என்பதில் யூஸ்ட் இருக்குமிடத்தில் சூஸ் என்பதை வைத்தால் சோஸ் பொருந்துமா, சோசன் பொருந்துமா? முறைகள் தாமாக எதையும் தேர்ந்தெடுக்க மாட்டா. ஆகவே சோசன்தான் பொருந்தும், ஆகவே யூஸ்ட் எச்சம். ஒழுங்கற்ற வினைகளின் மூன்று உருவங்களையும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் இவர்கள். அந்த மனப்பாடத்துக்கு முதன்முறையாக ஒரு பயன் கிடைக்கிறது.

எச்சமும் கிளைவாக்கியமும் எவை என்று தெரிந்ததும், அவற்றைப் பிறைக்கோட்டுக்குள் அடைத்துவிட்டு எஞ்சியதைப் படிக்க வேண்டும்: தி ரிப்போர்ட் ஹேஸ் பீன் வித்ட்ரான். அறிக்கை திரும்பப் பெறப்பட்டது, அவ்வளவுதான் செய்தி. அதன்பின் பிறைக்கோட்டைத் திறக்கலாம்.

இங்கே பெரும்பாலான ஆசிரியர்கள் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. பிறைக்கோட்டுக்குள் இருப்பதைத் தூக்கிப் பெயருக்கு முன்னால் வைத்துச் சீன வரிசையில் மாற்றிக்கொள்ள மாணவர் விரும்புவார். மொழிபெயர்ப்புத் தேர்வுக்கு அது தேவையும்கூட. வாசிப்பில் அதை அனுமதிக்கக்கூடாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசிவரை போய்த் திரும்பி வருபவரால் இரண்டு பக்கம்கூடப் படிக்க முடியாது. மாறாக, பேச்சில் நாம் சொல்வதுபோலப் படிக்கப் பழக்க வேண்டும்: 'அந்த அறிக்கை. எந்த அறிக்கை? போன வருஷம் குழு வெளியிட்டதே, அது. அதைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.' ஒரு தாளால் வரியை மூடி, சொற்றொடர் சொற்றொடராக வலப்பக்கம் நகர்த்தித் திறந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'எது?', 'யார்?', 'எப்போது?' என்று மாணவரே கேட்டுக்கொள்ளட்டும். நாளொன்றுக்கு மூன்று வாக்கியங்கள் போதும். இரவு ஒன்பது மணிக்கு அலுவலகத்திலிருந்து வருபவரிடம் அதற்கு மேல் கேட்பது அடாது.

சொற்களைப் பற்றிச் சில

நான்காம் நிலைத் தேர்வுக்கான அகர வரிசைச் சொற்பட்டியல்களில் முதலில் வரும் சொல் அபாண்டன், கைவிடு. பட்டியலைத் திறந்ததுமே கைவிட்டோம் என்பது சீன மாணவர்களிடையே பழைய நகைச்சுவை. பட்டியலின் தீங்கு, ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருளை ஆணியடித்துவிடுவது. அட்ரஸ் என்றால் முகவரி என்று பதிந்தவர், அரசு ஒரு சிக்கலை 'அட்ரஸ்' செய்யத் தவறியது என்ற வாக்கியத்தில் முகவரியைத் தேடிக்கொண்டிருப்பார். இதற்கு மருந்து இன்னொரு பட்டியல் அன்று. வினையிடத்தில் நிற்கும் சொல்லைப் பெயராகப் படிக்க இயலாது என்று, முன்பு செய்த வட்டமிடலையே மறுபடி நினைவூட்டினால் போதும்.

நீண்ட லத்தீன், கிரேக்கச் சொற்களுக்குச் சீன மொழியே நல்ல ஏணி. சீனம் சொற்களைத் துண்டுகளாகக் கட்டும் மொழி. மின்சாரமும் மூளையும் சேர்ந்து கணினி ஆகிறது, தியன்நாவ். அழற்சிக்கு 'யென்' என்று ஒரு துண்டு: ஷென்யென் சிறுநீரக அழற்சி, கான்யென் கல்லீரல் அழற்சி. ஆங்கிலத்தில் நெஃப்ரைட்டிஸ், ஹெப்பட்டைட்டிஸ் என்பவற்றின் 'ஐட்டிஸ்' அதே யென் என்று காட்டிவிட்டால், ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். 'ஹுவா' என்ற துண்டு, மாடர்னைஸ் என்பதன் இறுதியில் வரும் ஆங்கில 'ஐஸ்' ஆகிறது. ஷியன்தாய் நவீனம், ஷியன்தாய்ஹுவா நவீனமயமாதல். 'ஷிங்' என்பது நம் 'மை' விகுதியைப் போன்றது, ஆங்கில 'இட்டி' அதற்கு நேர். இந்த மூன்று நான்கு விகுதிகளைப் பிடித்தவர் சொல்லின் பொருளை மட்டுமன்றி, அது பெயரா வினையா என்பதையும் சேர்த்தே அறிகிறார்.

கண்ணுக்குத் தப்பும் சிறு சொற்கள்

சீனத்தில் 'என்றாலும்' என்பதற்குரிய சுய்ரான் வந்தால், பின்னால் 'ஆனால்' என்னும் தான்ஷி வருவது வழக்கம். ஆங்கிலத்தில் ஆல்தோ வந்தால் பட் வராது. திருப்பத்தை அறிவிக்க ஒரு காற்புள்ளி மட்டுமே நிற்கும். 'பட்' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பவர் அதைக் கடந்துபோய், ஆசிரியர் மறுக்கும் கருத்தையே ஆசிரியரின் கருத்தாகக் கொள்வார். ஆல்தோவைக் கண்டதும் அந்தக் கூற்று முடியும் காற்புள்ளியின் மேல் ஒரு சிறு அம்புக்குறி போடும் பழக்கம் இதற்கு உதவும்.

மறைந்து நிற்கும் எதிர்மறைகளும் இப்படித்தான். ஃபெயில் டு, ஹார்ட்லி, ஃபார் ஃப்ரம் ஆகியவற்றில் 'நாட்' என்ற சொல் கிடையாது, ஆனால் பொருள் 'இல்லை' என்பதே. நாட் அன்டில் அதைவிடக் குழப்பும். 'இட் வாஸ் நாட் அன்டில் 1958 தட் பின்யின் வாஸ் அடாப்டட்' என்று படித்து, சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் முறையான பின்யின் 1958-இல் ஏற்கப்படவில்லை என்பவர்கள் உண்டு. 'நாட்' என்பதற்கு இல்லை என்று சொல்லாமல், நம் 'தான்' என்னும் அழுத்தத்துக்கு நிகராகச் சீனத்தில் உள்ள 'ட்சாய்' என்பதைக் காட்டுங்கள்: 1958-இல்தான் ஏற்கப்பட்டது. முகம் உடனே தெளியும்.

தி என்ற சுட்டு சீனத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. படிக்கும்போது அதை விட்டுவிடுவார்கள். 'தி ப்ராப்ளம்' என்று கண்டால், முன்னே எந்தச் சிக்கல் சொல்லப்பட்டது என்று திரும்பிப் பார்த்து ஒரு கோடு இழுக்கட்டும். இட், திஸ் ஆகியவற்றுக்கும் அதே கோடு.

எண்களில் தனி இடறல். சீனம் பத்தாயிரத்தை 'வான்' என்றும் பத்துக் கோடியை 'யி' என்றும் எண்ணுகிறது, 1.4 பில்லியன் என்பது 14 யி. அவசரத்தில் 1.4 யி என்று எழுதி, சீன மக்கள்தொகையையே பத்தில் ஒரு பங்காக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். இலட்சத்திலும் கோடியிலும் எண்ணிப் பழகிய நாம் சிரிக்க உரிமையற்றவர்கள்.

தேர்வு எழுதுபவர்களுக்கு

நான்காம் நிலைத் தேர்வில் வாசிப்புப் பகுதிக்கு 40 நிமிடம், மொத்த மதிப்பெண்ணில் 35 விழுக்காடு. இதில் 15 சொற்களிலிருந்து 10 இடங்களை நிரப்பும் முதல் பகுதிக்கு 5 விழுக்காடுதான்; பத்திகளோடு 10 கூற்றுகளைப் பொருத்துவதற்கு 10; கடைசியில் வரும் இரண்டு சிறு கட்டுரைகளின் 10 வினாக்களுக்கு 20. கடைசிப் பகுதியின் ஒரு வினா, முதல் பகுதியின் நான்கு இடங்களுக்குச் சமம். ஆகவே பின்னாலிருந்து தொடங்கி, சொல் நிரப்பும் பகுதியைக் கடைசியில் வைத்துக்கொள்வதே அறிவுடைமை. முதுகலை நுழைவுத் தேர்வின் முதல் ஆங்கிலத் தாளில் நான்கு கட்டுரைகளும் 20 வினாக்களும் 40 மதிப்பெண்களைத் தாங்குகின்றன. ஐந்து வாக்கியங்களை மொழிபெயர்க்கும் பகுதியும் உண்டு. மேலே தடுத்த சீன வரிசைக்கு மாற்றும் வேலையை அங்கே தாராளமாகச் செய்யலாம்.

வேகமும் கைப்பேசியும்

பென்சில் வேலை ஜிங்துவைச் சேர்ந்தது. அதோடு ஃபான்து இல்லாவிட்டால், அழகாக வட்டமிடத் தெரிந்த, ஆனால் ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம் எடுக்கும் மாணவரைத்தான் உருவாக்குவோம். ஆகவே வாரத்தில் மூன்று நாள், தெரியாத சொல்லே ஏறக்குறைய இல்லாத அளவு எளிய பக்கங்களை, பென்சில் இல்லாமல் 15 நிமிடம் படிக்க வேண்டும். இவ்வளவு எளியதைப் படிப்பது பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். தம் தொழில் சார்ந்த எளிய கட்டுரை என்றால் கூச்சம் குறையும். உரக்கப் படிக்கும் பழக்கம் பள்ளி நாள்களின் காலை வாசிப்பிலிருந்து வருவது. பொருள் புரிந்த பிறகு சொற்றொடர் பிரித்து உரக்கப் படிப்பது நல்லது, புரியுமுன் படித்தால் ஓசையே புரிதல்போல ஏமாற்றும்.

முதல் இரண்டு வாசிப்பின்போது கைப்பேசி கவிழ்ந்திருக்க வேண்டும். மூன்றாம் முறை மட்டும் மூன்று சொற்களைத் தேடலாம். எந்த மூன்று என்று தேர்வதே ஒரு பயிற்சி.

பாடத்தை அனுப்புவதிலும் கவனம் வேண்டும். கூகுள் ஆவணங்களும், 2019 முதல் விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளும் சீனாவில் திறப்பதில்லை. இணைப்பை அனுப்பினால் மாணவர் மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவார். வீசாட் என்னும் சீனச் செய்திச் செயலியில் எழுத்தாக ஒட்டினால், ஒரு நீண்ட அழுத்தத்தில் அது முழுவதும் சீனமாகிவிடும். படமாக அனுப்பினாலும் அந்தச் செயலி மொழிபெயர்த்துவிடும். ஆகவே நான் பிடிஎஃப் கோப்பாக அனுப்பி, இரட்டை வரி இடைவெளியில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு, நன்றாகச் சீவிய பென்சிலோடு வரச் சொல்லிவிடுகிறேன்.